மெய்யியல் படிச்சா என்ன வேலை?

“தம்பி, நீர் படிச்ச ஆள். ஒருக்கா வந்து அவளோட கதையும்.”

மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெர்னிங்கிலிருந்து அண்ணர் போன் பண்ணினார். யாழ்ப்பாணத்துக்காரர். 1987-ல் அகதியாக டென்மார்க் வந்து, மீன் தொழிற்சாலையில் தொடங்கி, இன்று சொந்த வீட்டில் இருப்பவர். நான் மதுரைக்காரன், கோபன்ஹேகனில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பிராண்டே அபிராமி கோயிலில் பழக்கமாகி, இப்போ குடும்பத்தில் ஒருத்தன் மாதிரி.

அவர் மகள் இந்த வருஷம் ஜிம்னேசியம் முடிக்கிறாள். (உடற்பயிற்சிக் கூடம் இல்லைங்க, இங்கே அதுதான் நம்ம ஊர் பிளஸ் டூ.) “மருத்துவத்துக்கே போகலாம், அவ்வளவு புள்ளி. அவள் மெய்யியல் படிக்கப் போறாளாம்!”

எனக்கு ஒரு நொடி புரியலை. நம்ம பக்கம் ‘தத்துவம்’ என்கிறதை இலங்கையில் ‘மெய்யியல்’ என்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறைக்கு அதுதான் பெயர்.

கோபன்ஹேகனிலிருந்து ஹெர்னிங் போக ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், அவள் மனசை மாற்றத்தான் கிளம்பினேன்.

ஆனால் வழியில் படித்ததெல்லாம் அவள் பக்கமே பேசியது. டென்மார்க்கில் 1675 முதல் 1971 வரை, மருத்துவமோ சட்டமோ, பல்கலைக்கழகத்துக்கு எதைப் படிக்கப் போனாலும் முதலில் தத்துவத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். ‘ஃபிலோசோஃபிகும்’ என்று பெயர். அணுவின் அமைப்பை ஆராய்ந்து 1922-ல் நோபல் வாங்கிய நீல்ஸ் போரும், மாணவராக இருந்தபோது ஹாரல்ட் ஹொஃப்டிங் என்ற தத்துவப் பேராசிரியரிடம் இந்தப் பாடத்தைப் படித்தவர்தான். பக்கத்து நார்வேயில் இப்படி ஒரு தேர்வு இன்றும் இருக்கிறது. டென்மார்க்கிலும் 2000-க்குப் பிறகு, அந்தந்தத் துறைக்கேற்ற தத்துவப் பாடமாக அது திரும்பி வந்துவிட்டது. டாக்டர் ஆகிறவனுக்கும் முதலில் யோசிக்கத் தெரியணும் என்பது இவர்கள் கணக்கு.

நம்ம கதை வேற. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணமே, படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததுதான் என்பார்கள். புத்தகச் செலவு மிச்சம்! அப்படிப் படித்தவர் பிறகு குடியரசுத் தலைவர் ஆனார்.

வீட்டுக்குப் போனதும் அண்ணர் என்னை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். “வேலை கிடைக்குமோ தம்பி? அதை மட்டும் சொல்லும்.”

பொய் சொல்ல முடியாது. தத்துவம் மாதிரியான கலைப் படிப்புகளை முடித்தவர்களுக்கு வேலை கிடைக்க நாளாகும். வேலையில்லாதவர்கள் அதிகமாக இருக்கும் படிப்புகளில் இடங்களைக் குறைக்க 2014-ல் அரசே முடிவெடுத்தது. அதில் பெரிய அடி வாங்கியது கலைப் படிப்புகள்தான். அவர் பயம் நியாயமானது என்று அவரிடமே சொன்னேன்.

செலவு பற்றிய பயம் மட்டும் வேண்டாம். இங்கே டேனிஷ் குடிமக்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவர்க்கும் கல்விக் கட்டணம் கிடையாது. (மற்ற நாட்டவருக்கு 2006 முதல் உண்டு. வேலை விசாவில் வந்திருக்கும் என்னைப் போன்ற பெற்றோர் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.) வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அரசு மாசம் சுமார் 7,000 குரோனர் உதவித்தொகையும் தருகிறது. அதில் வரி போகும்.

பிறகு மகளோடு நடக்கப் போனேன். ஆர்ஹுஸில் மூன்று வருஷம், தர்க்கவியல், அறவியல், தத்துவ வரலாறு என்று வரிசையாகச் சொன்னாள். ஜிம்னேசியத்தில் எல்லாருக்கும் கட்டாயமான பழங்காலப் பாடத்தில் பிளேட்டோ படித்தாளாம். அங்கே பிடித்துக்கொண்டதாம்.

“சரிம்மா, ஆனா ஏன்?” என்றேன்.

“மாமா, அப்பா ஊரை விட்டு வரேக்க தம்பியை விட்டிட்டு வந்தவர். அது சரியோ பிழையோ எண்டு கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மா அழுவா. அவையளை நோகடிக்காமல், அந்தக் கேள்வியை எப்பிடிக் கேக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அதைப் படிக்க ஒரு இடம் இருக்குது எண்டு இப்பதான் தெரியும்.”

என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ முடித்தபோது என் வீட்டில் ‘எந்த இன்ஜினியரிங்’ என்ற ஒரே கேள்விதான். பிறகு மாஸ்டர்ஸும் முடித்தேன். கடன் கேட்கிறவர்களைத் தரம் பிரிக்கும் நிரல் ஒன்றை முன்பு எழுதியிருக்கிறேன். எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஆறு மாதம் கூட்டம் போட்டோம். யார் தள்ளப்படுகிறார்கள், அது நியாயமா என்று ஒரு கூட்டம் கூட இல்லை. நானும் கேட்கலை.

சாப்பிடும்போது அண்ணரிடம் ஒரு பழைய கதை சொன்னேன். அவர் இருக்கும் இதே மேற்கு யூட்லாண்டில், சேடிங் என்ற ஊரில் ஆடு மேய்த்த ஓர் ஏழைப் பையன் கோபன்ஹேகன் போய்த் துணி வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார். கடைசி மகனை 1830-ல் இறையியல் படிக்கச் சேர்த்தார். மகன் பத்து வருஷம் இழுத்தான். அவன் கடனையெல்லாம் அப்பா அடைத்தார், 1838-ல் இறந்தும் போனார். மகன் 1841-ல் சாக்ரடீஸை முன்வைத்து எழுதிய ஆய்வேட்டை, லத்தீனில் இல்லாமல் தாய்மொழியில் எழுத அரசரிடமே அனுமதி வாங்கினான். வாய்மொழித் தேர்வு மட்டும் லத்தீனில், ஏழு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அந்த மகன்தான் சோரன் கீர்க்கெகார்ட்.

“தகப்பன் பார்க்கேல்லையோ?” என்று மட்டும் கேட்டார் அண்ணர்.

ஜூலை 5 மதியம் 12 மணிதான் விண்ணப்பக் கெடு. விருப்ப வரிசையில் எட்டுப் படிப்பு வரை போடலாம். மகள் முதலில் மெய்யியல், இரண்டாவது சட்டம் என்று போட்டாள். இரண்டாவது அப்பாவுக்காக. கெடு முடிந்த அன்று சாயந்தரம் அண்ணர் மறுபடி கூப்பிட்டார்.

“தம்பி, இங்க பல்கலைக்கழகத்தில வாய்மொழிப் பரீட்சை நடக்கேக்க வெளி ஆக்களும் போய் இருக்கலாம் எண்டு சொல்லினம். உண்மையோ?”

“பொதுவா உண்மைதாண்ணே. குடும்பத்துக்காரங்க பின்னாடி உட்கார்ந்து கேட்கலாம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “என்ர டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். விளங்குமோ தெரியாது,” என்றார். “எண்டாலும் போய் இருப்பன்.”