தஸ்தாவேஜு யார் கையில்?

கோர்ட்டுக் கட்டுகள் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இ-கோர்ட் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 7,210 கோடி ரூபாய் அனுமதித்தது. வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க மட்டும் அதில் 2,038 கோடி. இதை நாம் எதிர்க்கவில்லை. கரையான் அரிக்கும் காகிதத்திற்கு மாற்று வருவது நல்லதே. ஆனால் இந்த வசதி யாருக்குப் பயன்படப் போகிறது?

முதலாளிக்காக வாதாடும் பெரிய வக்கீல் கம்பெனிகளுக்குத் தஸ்தாவேஜுகளைத் தொகுத்துக் கொடுக்கவே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. கடிதம், ரசீது, மஸ்டர் ரோல் அனைத்தும் தேதிவாரியாகக் கம்ப்யூட்டரில் அடுக்கப்படுகின்றன. ஒரு பெயரைத் தட்டினால் பத்து வருஷத்துக் காகிதம் கண்முன் வந்து நிற்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது? திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் ஏழையின் தஸ்தாவேஜு தகரப் பெட்டியில் கிடக்கிறது. 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் கண்ட கடற்கரை இது. வீடே போகும்போது சம்பளச் சீட்டு எங்கே தங்கும்?

இந்த நிலையில்தான் தொழிலாளி கோர்ட்டுப் படியேறுகிறான். ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை அவனே நிரூபிக்க வேண்டும் என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரும்படி அவன் நிர்வாகத்தைக் கேட்கலாம் என்று 2005-இல் அதே கோர்ட் கூறியது. ஆக, உழைத்தது இவன்; உழைத்ததற்கான சான்று முதலாளியின் கம்ப்யூட்டரில்!

மேஸ்திரி போனில் அனுப்பிய செய்தி சாட்சியாகாதா? ஆகும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, அதற்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கம்பெனிக்கு இது ஒரு செலவே அல்ல. கூலிக்காரன் நிபுணரை எங்கே தேடுவான்?

பிரெஞ்சு ஆட்சியில் தஸ்தாவேஜு பிரெஞ்சு மொழியில் இருந்தது, உழைப்பாளிக்குப் புரியவில்லை. 1954 நவம்பர் 1-இல் அந்த ஆட்சி காரைக்காலை விட்டு அகன்றது. இன்று தஸ்தாவேஜு கம்ப்யூட்டருக்குள் போகிறது. இப்போதும் அது உழைப்பாளிக்கு எட்டாமல் போக விடலாமா?

ஆகவே நாம் கோருகிறோம்: வேலை நாளும் கூலியும் காட்டும் சீட்டு மாதந்தோறும் தமிழில் தரப்பட வேண்டும். காரைக்கால் கோர்ட்டில் உழைப்பாளியின் காகிதங்களை இலவசமாக ஸ்கேன் செய்து தர வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. நிபுணர் சான்றிதழுக்கான செலவையும் அந்த உதவியில் சேர்க்க வேண்டும். கேட்ட பதிவேட்டை மறைக்கும் நிர்வாகத்திற்கு எதிராகவே கோர்ட் முடிவு கொள்ள வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாகாது. ஒவ்வொரு சங்கக் கிளையும் உறுப்பினர்களின் சீட்டுகளைப் படமெடுத்து, பெயரும் தேதியும் குறித்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தட்டும். மேஸ்திரியின் செய்தியை யாரும் அழிக்க வேண்டாம். அது வந்த போனையும் விற்றுவிட வேண்டாம்.

1936 ஜூலை 30-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அப்படிப் பெற்ற உரிமைகளை, ஒரு சீட்டு இல்லாத குறையால் நாம் இழக்கலாகாது.