பீங்கான் பாடத்தில் நான் விட்டது



குற்றாலத்தில் சாரல். தென்காசியில் நனைந்து நின்ற மின்கம்பத்துப் பீங்கானைப் பார்த்ததும் மனசு உறுத்தியது. "பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது" என்று கரும்பலகையில் எழுதி, அத்தோடு பாடத்தை முடித்தவன் நான். அது பாதி உண்மைதான்.

மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு நடுவே வைத்தால், கடத்தாத அந்தப் பொருளே கூடுதல் மின்னூட்டத்தைச் சேமிக்க உதவும். காற்றின் மின்காப்பு மாறிலி சுமார் 1. டைட்டானியம் ஆக்சைடான ரூட்டைலுக்குச் சுமார் 100. பேரியம் டைட்டனேட் பீங்கானுக்கு 1000க்கும் மேல். அதனால்தான் குருணையைவிடச் சிறிய மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் உங்கள் கைபேசிக்குள் அடங்குகின்றன. டைட்டானியம் உள்ள இல்மனைட் மணலோ, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே இருக்கிறது.

இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, "கடத்தாது" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அப்போ வேறென்ன செய்யும் சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டும். நான் கேட்கவிடவில்லை, மன்னியுங்கள்.