காப்பி விவசாயிக்குப் பாடமா, விலையா?

தாண்டிக்குடிச் சிறு காப்பி விவசாயிக்கு ஐரோப்பியச் சந்தையில் நுழைய வழிகாட்டுகிறார்களாம்! நெதர்லாந்து சர்க்கார் 1971-லேயே இதற்கென ஒரு ஸ்தாபனம் வைத்து, ஏழை நாடுகளின் சிறு ஏற்றுமதியாளருக்குப் பாடம் நடத்துகிறது. பாடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விலையைச் சொல்வது யார்?

1962-ல் ஏற்பட்ட சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தில் நாட்டுக்கு நாடு ஏற்றுமதிக் கோட்டா இருந்தது. விலைக்கு அது ஓர் அணை. 1989 ஜூலையில் கோட்டா ஒழிந்தது. சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. 1996-க்குள் இங்கே காப்பி போர்டின் பொதுக் கொள்முதலும் போயிற்று. இரண்டு ஏக்கர்க்காரன் நியூயார்க் சூதாடிகளோடு பேரம் பேச வேண்டுமாம்! நல்ல சுதந்திரம்!

2023-ல் ஐரோப்பிய யூனியன் புதுச் சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தின் காப்பி அங்கே நுழையக்கூடாது; தோட்டம் இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். காட்டைக் காப்பதற்கு நாம் விரோதிகளா? இம்மலையில் காப்பியே நிழல்மரத்தடியில்தான் விளைகிறது! அளவைச் செலவு யார் தலையில் என்றுதான் கேட்கிறோம்.

தாண்டிக்குடியில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் காப்பி போர்டு, கடைசிச் சிறு தோட்டம் வரை தன் செலவில் அளந்து தரட்டும். கட்டுபடியாகும் விலையில் சர்க்கார் கொள்முதல் செய்யட்டும். விலை ஏறும் வருஷத்தில் பழம் பறிப்பவர் கூலியும் ஏறட்டும்.