மேடையேறியோரும் சாரமேறியோரும்

கட்டட நிர்மாணத் தொழிலைப் பற்றிய மகாநாடுகளுக்கு நம் நாடுகளில் குறைவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவை ஆண்டுதோறும் கூடுகின்றன, கலைகின்றன, மறுவருஷம் மீண்டும் கூடுகின்றன. வீடும் பாலமும் ரயில்பாதையும் கட்டும் தொழிலில் ஈடுபட்டோர் ஓரிடத்திற் கூடித் தம் தொழிலின் நன்மை தீமைகளை ஆராய்வது நல்ல காரியமே. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. அங்கே பேசுவோர் யார், பேச அழைப்போர் யார், பேசாது விடப்பட்டோர் யார் என்னும் மூன்று கேள்விகளையே கேட்க வந்தோம்.

சின்னாட்களுக்கு முன் அத்தகைய மகாநாடொன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். அது எது, நடத்தியவர் யார் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. குறை ஒரு சபைக்கு மட்டும் உரியதாயின் பெயர் சொல்லியே கண்டித்திருப்போம். இதுவோ வழக்கத்தின் குறை. காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கிற்று. வரவேற்புக் கமிட்டித் தலைவர் அக்கிராசனரைப் புகழ்ந்தார். அக்கிராசனர் திறப்பாளரைப் புகழ்ந்தார். திறப்பாளர் இருவரையும் சேர்த்துப் புகழ்ந்தார். பிறகு நினைவுப் பரிசுகள் வழங்கப்பட்டன, படங்கள் பிடிக்கப்பட்டன. இவ்வாறு ஒன்றரை மணி நேரம் கழிந்தது. ஒரு செங்கல்லைப் பற்றியேனும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் பிரசங்கிகள் வந்தனர். ஒருவர் சிமெண்டு விற்பவர். ஒருவர் கட்டடத்தைக் கணினியில் வரைந்து காட்டும் சாதனத்தை விற்பவர். ஒருவர் வட்டிக்குக் கடன் தரும் பாங்கியைச் சேர்ந்தவர். நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். மகாநாட்டுக்குப் பொருளுதவி செய்தோரின் பட்டியல் அங்கிருந்தது. அப்பட்டியலிலிருந்த பெயர்களிற் பெரும்பாலானவை முன்பக்கத்துப் பிரசங்கிகள் பட்டியலிலும் இருந்தன. மேடை அறிவுக்குத் தரப்பட்டதன்று, விலைக்கு விடப்பட்டது என்பது அப்போது விளங்கிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பிறர் பணத்தில் பந்தி விரித்து, பணம் கொடுத்தவர்களுக்கே இலைபோட்டுப் பரிமாறும் உபசாரத்தை விருந்தென்று எவரும் சொல்லார்.

தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு பேச்சு இருந்தது. பகல் உணவுக்குப் பின் இருபது நிமிஷம் அதற்கு ஒதுக்கியிருந்தனர். மஞ்சள் தொப்பியணிந்து முகம் மலரச் சிரிக்கும் ஒரு தொழிலாளியின் படம் திரையில் விழுந்தது. அன்று அம்மண்டபத்திலிருந்த சாரத்துக் கூலி அவன் ஒருவனே, அவனும் படத்திலிருந்தான். கம்பி கட்டியவன், பலகை அடித்தவன், சாரம் ஏறியவன், கலவை சுமந்தவன் எவனும் அங்கு இல்லை.

இடிபாடுகள் கூறும் பாடம்

இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் மூன்று இடிபாடுகளைக் காட்டுவோம்.

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் 'ஹோட்டல் நியூ வோர்ல்ட்' இருந்த ஆறுமாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் மண்மேடாயிற்று. 33 பேர் மாண்டனர். விசாரணைக் குழு ஆராய்ந்தபோது வெளிவந்த உண்மை யாது? அக்கட்டடத்தின் சொந்தப் பாரமே கணக்கிற் சேர்க்கப்படவில்லை! அதில் ஏறும் மனிதரையும் பண்டங்களையும் எண்ணினவர்கள், சுவரும் தளமும் தூணும் தம்மைத் தாமே சுமக்கவேண்டும் என்பதை எண்ணவில்லை. கட்டடத்தைத் தாங்குவது எது என்பதைக் கணக்கில் விட்டவர்கள், தொழிலைத் தாங்குவது யார் என்பதையும் கணக்கில் விடுவதில் வியப்பென்ன?

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் சிங்கப்பூரில் வட்டப்பாதை ரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டிய பெரும்பள்ளம் சரிந்து, சாலையையும் உடன் விழுங்கிற்று. நால்வர் உயிரிழந்தனர். இச்சம்பவத்தை நம் வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். பள்ளத்தின் சுவர்களைத் தாங்கிய இரும்பு முட்டுக்கள் அன்று காலையிலேயே 'தும்' என்று ஓசையிட்டன. கீழே வேலைசெய்தோர் அதைக் கேட்டனர். இரும்பு வளைவதைக் கண்டனர். பள்ளம் சரிந்ததோ பிற்பகல் மூன்றரை மணியளவில். முட்டுக்கள் சுவரோடு இணையும் இடத்தில் வடிவமைப்புப் பிழை இருந்ததையும், அளவுக் கருவிகள் பன்முறை தந்த எச்சரிக்கைகள் உரியவாறு மதிக்கப்படாததையும் பின்னர் விசாரணைக் குழு எடுத்துரைத்தது. கருவி பேசிற்று, இரும்பு பேசிற்று. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காயின. மாண்டவருள் ஒருவரான மேற்பார்வையாளர் மற்றவர்களை வெளியேறச் செய்துவிட்டுத் தாம் வெளியேற இயலாது மறைந்தார். அவர் உடல் இன்றளவும் கிட்டவில்லை.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு தஞ்சோங் பூங்காவில், குடியிருப்புக் கட்டும் இடத்தில் மலைச்சரிவு இடிந்து விழுந்து 11 பேரைப் புதைத்தது. அவருட் பெரும்பாலோர் வங்காளதேசம் முதலிய அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாநில அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டடம் விழுந்த பின், களத்தில் நின்றவர் கண்டது என்ன, கேட்டது என்ன, யாரிடம் சொன்னார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. விசாரணை மன்றத்தில் சாட்சி வேண்டும். அவருடைய சொல்லுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். மகாநாட்டிலோ அவருக்கு ஒரு நாற்காலியும் இல்லை. செத்தபின் திறக்கும் செவி சாகுமுன் திறக்கலாகாதா? இதுவே நம் கேள்வி.

போதிக்க மட்டும் தமிழா?

"தொழிலாளிக்கு ஆங்கிலம் வராதே, அவன் மேடையில் எப்படிப் பேசுவான்?" என்று மகாநாடு நடத்தும் கனவான் ஒருவர் நம்மிடம் கேட்டார். இதற்கு விடை எளிது. சிங்கப்பூரில் கட்டடத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைதொடங்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். அதைத் தமிழிலும் நடத்துகிறார்கள். வங்காளத்திலும் சீனத்திலும் நடத்துகிறார்கள். அவனுக்கு உத்தரவிடத் தமிழ் கிடைக்கிறது. எச்சரிக்கத் தமிழ் கிடைக்கிறது. "விழுந்தால் நீயே பொறுப்பு" என்று சொல்லத் தமிழ் தாராளமாய்க் கிடைக்கிறது. அவன் சொல்வதைக் கேட்க மட்டும் தமிழ் கிடைக்காமற் போய்விடுமா? மேலிருந்து கீழே இறங்க ஏணி உண்டு, கீழிருந்து மேலே ஏற ஏணி இல்லை என்றால், குறை மொழியில் இல்லை. ஏணியை வைத்தவர் மனத்தில் இருக்கிறது.

தோட்டத்துத் தோழர்களுக்கு இது புதிதன்று. பெரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையாய் நின்று பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். துரை சொல்வார், கிராணி எழுதுவார், கங்காணி அதட்டுவார், கூலி கேட்பான். அன்றைய பெரட்டுக்கும் இன்று கட்டட வேலையிடங்களில் காலைதோறும் நடக்கும் கூட்டத்துக்கும் வேற்றுமை ஒன்றே: இன்று தலையில் தொப்பி இருக்கிறது.

கேளாமையின் விலை என்னவென்று 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் கற்பித்தது. சிங்கப்பூர் விடுதிகளில் தங்கியிருந்த தொழிலாளர் ஏறத்தாழ 3,23,000 பேர். ஓர் அறையில் எத்தனை பேர், ஒரு குழாய்க்கு எத்தனை பேர் என்பது அங்கு உறங்கியவர்க்கெல்லாம் தெரியும். அவரை மேடையேற்றிக் கேட்டவர் யார்? அவ்வாண்டு முடிவதற்குள் அவர்களில் 100க்கு 47 பேருக்குத் தொற்று உண்டாகியிருந்ததாக அரசாங்கமே அறிவித்தது. தொழிலாளி வாயால் கேளாததை நோயின் வாயால் கேட்டோம்.

லாரிப் பயணத்தின் கதையும் அதுவே. நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து சரியாக 17 ஆண்டுகள் கழிந்து, 2021ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 20ஆம் நாள், தீவு விரைவுச்சாலையில் தொழிலாளரை ஏற்றிச்சென்ற லாரி நின்றிருந்த வண்டியில் மோதி இருவர் மாண்டனர். மகாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு மண்டப வாயிலிற் குளிர்ப்பதன வண்டி காத்து நிற்கிறது. அவர்களுடைய கட்டடங்களைக் கட்டுவோர் லாரியின் பின்தட்டிற் சரக்கோடு சரக்காய்ப் போகின்றனர். சிங்கப்பூரில் எல்லாத் தொழில்களிலும் வேலையிட விபத்துக்களில் மாண்டோர் 2022இல் 46 பேர். 2023இல் 36 பேர். 2024இல் 43 பேர். இக்கடைசி ஆண்டில் கட்டடத் தொழிலில் மட்டும் 20 பேர். எண்ணிக்கை இறங்கிற்று என்று மாலை சூட்டிக்கொள்வோர், அது மீண்டும் ஏறிய ஆண்டில் மாலையைக் கழற்றினார்களா?

கட்டினவன் பெயர் எங்கே?

இவ்வநீதி நேற்று முளைத்ததன்று. 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் காடு வெட்டினர், சாலை போட்டனர், செங்கல் சுட்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்களுடைய உழைப்பு. 1869இல் முடிந்த அரசினர் மாளிகையும், இன்றைய இஸ்தானா அதுதான், அவர்களுடைய உழைப்பு. வரைபடம் தீட்டிய ராணுவத் துரைகளின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு குழைத்தவனின் பெயர் எங்கே? 1942, 43ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர். காஞ்சனபுரி மயானத்தில் நேசநாட்டுப் போர்வீரர்க்கு வரிசை வரிசையாய்ப் பெயர்க்கற்கள் நிற்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை.

கோயிலைக் கட்டியவனே கோயிலுக்குள் நுழையலாகாது என்று சொன்ன சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். கல் சுமந்த தோள் தீட்டு, அக்கல்லாற் செய்த சிலை தெய்வம் என்ற பித்தலாட்டத்தை எதிர்த்தே சீர்திருத்த இயக்கம் எழுந்தது. கட்டடத்தைக் கட்டியவன் கட்டட மகாநாட்டுக்குள் நுழையலாகாது என்பதும் அதே தீண்டாமைதான். அது பூணூலுக்குப் பதில் கழுத்துப்பட்டி அணிந்து வந்திருக்கிறது. ஆளை மாற்றியதால் அநீதி நீதியாகிவிடாது.

ஆட்சேபங்கள் சில

"மகாநாடு வியாபாரிகள் தம் செலவில் கூட்டுவது, அதில் தொழிலாளிக்கு என்ன வேலை?" என்பர் சிலர். வியாபாரச் சந்தை கூட்டுவோர் அதைச் சந்தை என்றே சொல்லட்டும்; நாம் தடுக்கவில்லை. தொழிலின் எதிர்காலம், பாதுகாப்பு, நாட்டின் முன்னேற்றம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, மந்திரிகளை அழைத்து, பொதுநன்மையின் பெயரால் மேடை போடுவோர் பொதுமக்களின் கேள்விக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவர்கள்.

"இஞ்சினீயர்களுள் நல்லவர் இல்லையா?" என்பர் வேறு சிலர். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தம் கணக்கில் நேர்ந்த பிழையைத் தாமே எடுத்துச் சொல்லிப் பிறரைக் காப்பவர்களை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் இன்றைய மேடை அவர்களுக்கும் இடங்கொடுப்பதில்லை. வெற்றியைப் பேசுபவனுக்கே அங்குக் கைதட்டல். தோல்வியை மறைத்து வெற்றியை மட்டும் சொல்லும் மகாநாடு, பிணியை மறைத்து நகையை மட்டும் காட்டும் வைத்தியசாலை போன்றது. ஹோட்டல் நியூ வோர்ல்ட் விழுந்ததன் காரணத்தை ஒளிவின்றிப் பேசியதனாலன்றோ, ஒருவர் போட்ட கணக்கை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் சட்டம் 1989இல் சிங்கப்பூருக்குக் கிடைத்தது?

செய்யவேண்டியன

நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. முதலாவது, ஒவ்வொரு நிர்மாண மகாநாட்டிலும் களத்தில் வேலைசெய்வோர் சிலர் தம் தாய்மொழியில் பேசவேண்டும், மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கவேண்டும், அவர்களுடைய அன்றைய கூலி பிடிக்கப்படலாகாது, பேசியதற்காக எவரும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படலாகாது. இக்கடைசி உறுதி இல்லையேல் முன்னவை மூன்றும் வெறும் வேஷம். இரண்டாவது, பணம் கொடுத்து மேடை பெற்ற பிரசங்கியின் பெயருக்கு எதிரே அவ்வுண்மை அச்சிடப்படவேண்டும். மூன்றாவது, முந்திய ஆண்டின் விபத்துக்களே மகாநாட்டின் முதற் பொருளாக இருக்கவேண்டும். திறப்புரைக்கு முன், மாண்டவர்களை எண்ணிப் பார்க்கட்டும். பிறகு ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ள நேரமிருந்தால் புகழட்டும்.

நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. தமிழ்க் கண்ட்ராக்டர்கள் பலர் இன்று செல்வாக்குடன் விளங்குகின்றனர். அம்மேடைகளில் அவர்களும் சால்வை பெறுகின்றனர். தம்மிடம் வேலைசெய்யும் தமிழனை அவர்களில் எத்தனை பேர் உடன் அழைத்துச் சென்றனர்? நம் சங்கங்களும் ஆண்டுவிழா என்றால் சாரத்தில் ஏறுபவனை நாற்காலி அடுக்கக் கூப்பிடுகின்றன; பேசக் கூப்பிடுவதில்லை. பிறர் வீட்டு ஓட்டையை எண்ணுமுன் நம் கூரையையும் நாம் அண்ணாந்து பார்க்கவேண்டும்.

தோழர்களே! முட்டு வளையும் ஓசை முதலில் கேட்பது பள்ளத்தில் நிற்பவனுக்கே. மேடையில் இருப்பவனுக்கு அது கேட்பதே இல்லை. கைதட்டல் அதை மறைத்துவிடுகிறது. அடுத்த மகாநாட்டின் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வந்தால், முதற்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதென்று பாராதீர்கள். யார் பெயர் இல்லை என்று பாருங்கள். அதை உரக்கக் கேளுங்கள்.