வீதி மதிலும் ஓவியமும்

யாழ்ப்பாணத்தவர் வேலிக்குப் பெயர்போனவர். கிடுகும் பனையோலையும் கொண்டு ஆண்டுதோறும் வேலியடைப்பதும், எல்லைக் கதியால் அரையடி விலகிவிட்டதென்று நீதிமன்றப் படியேறுவதும் எம் ஊர்களிற் புதியனவல்ல. அவ்வேலிகள் இன்று அருகிவிட்டன. அவை நின்ற இடங்களிற் சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன. வேலியிற் படம் எழுத இயலாது. மதிலோ வெறுமையாய் நின்றால் எதையேனும் எழுதுமாறு அழைக்கின்றது. கண்ணீர் அஞ்சலித் தாள்களும், தேர்தற் சுவரொட்டிகளும், தனியார் வகுப்பு விளம்பரங்களும் அவ்வழைப்பை ஏற்றுப் பலகாலமாயிற்று. ஓவியன் மட்டும் பிந்தியே வந்தான். அவன் வரவு பற்றியே இவ்வாரம் சிந்திக்க விழைகின்றோம்.

2019 நவம்பரிற் சனாதிபதித் தேர்தல் முடிந்த சின்னாட்களில் இலங்கையின் பல நகரங்களில் இளைஞர் கூட்டங் கூட்டமாய்த் தூரிகை ஏந்தி வீதிக்கு வந்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்து மதில்கள் சிலவும் அவ்வலையில் வண்ணம் பெற்றன. சுவரொட்டிகளைச் சுரண்டி, பாசியை உரைத்துக் கழுவி, வெயிலில் நின்று கூலியின்றி உழைத்த அப்பிள்ளைகளை நாம் வாழ்த்துகின்றோம். ஆயினும் வாழ்த்தோடு ஒரு வினாவையும் எழுப்ப வேண்டியுள்ளது. அம்மதில்களில் எதை வரைவது என்பதை யார் தீர்மானித்தார்கள்? தெற்கிற் சில மதில்களிற் போர்வீரர் உருவங்கள் வெற்றிச் சின்னங்களாய் எழுந்தபொழுது, அவற்றை நோக்கியோர் அனைவரும் ஒரே உணர்ச்சியைப் பெற்றிருக்க முடியாது. கண்காட்சி மண்டபத்துப் படத்தை விரும்பாதவன் அங்கே போகாமல் இருக்கலாம். மதிலிலுள்ள படத்தையோ பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் சந்தைக்குப் போகும் தாயும் நாள்தோறும் கண்டே தீர வேண்டும். வீதி ஓவியத்தின் வலிமையும் பொறுப்பும் இங்கேதான் இருக்கின்றன.

உலகம் இதனை நெடுநாள் முன்பே அறிந்திருந்தது. மெக்சிக்கோவில் 1920களில் அரசாங்கமே பொதுக்கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்கு ஒப்படைத்தது. தியேகோ ரிவேரா, ஒரொஸ்கோ, சிக்கேரோஸ் ஆகிய மூவரும் எழுத்தறியாத உழவனும் தன் நாட்டு வரலாற்றைக் கண்ணாற் படிக்கும்படி வரைந்தனர். பெர்லின் நகரைப் பிளந்து நின்ற மதில் 1989இல் வீழ்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், எஞ்சிய பகுதியில் 1,316 மீற்றர் நீளத்துக்கு 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் படம் எழுதினர். மக்களைப் பிரித்த மதில் மக்கள் கூடிப் பார்க்கும் மதிலாயிற்று. முகம் காட்டாத ஆங்கில ஓவியர் பாங்ஸி 2005இற் பாலத்தீனத்தின் மேற்குக் கரையில் எழுப்பப்பட்ட மதிலுக்குச் சென்று, அம்மதிலிலேயே அதனைக் கடந்து செல்லும் கனவுகளை வரைந்தார்.

ஆனால் வீதியிற் பிறந்த கலையை விலைக்கு வாங்கச் செல்வமும் விரைந்து வந்தது. 2018 ஒக்டோபரில் இலண்டன் ஏலத்தில் பாங்ஸியின் பலூன் சிறுமி பத்து இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. விலை முடிந்த கணமே, சட்டகத்துள் மறைந்திருந்த பொறி அப்படத்தின் பாதியைக் கீற்றுக் கீற்றாய் அரிந்தது. ஏலச் சந்தையை எள்ளி நகையாடிய செயல் அது. ஆயின் அரிந்த அதே படம் 2021இல் ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் பவுணுக்கு மேல் விற்பனையாயிற்று. எள்ளலையும் சரக்காக்கிவிடும் ஆற்றல் சந்தைக்கு உண்டு.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. நியூயோர்க்கில் "ஃபைவ் பொயின்ற்ஸ்" என்னும் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் சுவர்களைப் பன்னாட்டு வீதி ஓவியர்கள் பல்லாண்டுகளாக வரைந்து நிரப்பியிருந்தனர். 2013 நவம்பரில் ஓரிரவில் உரிமையாளர் அவற்றுக்கு வெள்ளை பூசிவிட்டார். ஓவியர்கள் வழக்காடினர். 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சுவர் ஒருவனுடையதாயினும், அதிற் பதிந்த படைப்பில் ஓவியனுக்கும் உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள். எமக்கென்ன என்று கேட்பாரும் உளர். எம் நாட்டிலேயே இதற்கு உதாரணங்கள் உள. போர்க்காலத்தில் வீதித்தடைகளாய் நின்ற தார்ப் பீப்பாய்களை மறந்தவர் எம்மில் யார்? அப்பீப்பாய்களையே பொருளாகக் கொண்டு சந்திரகுப்த தேனுவர 1997இற் கொழும்பிற் கண்காட்சி அமைத்தார். தெருவில் அச்சந் தந்த பொருள் கலைக்கூடத்தில் வினாவாக மாறிற்று. மறுசீரமைக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 2004இல் நிகழ்ந்த "அகம் புறம்" கண்காட்சிக்காகத் தா. சனாதனன் எம் குடும்பங்கள் பலவற்றிடமிருந்து போரின் நினைவைத் தாங்கிய பொருள்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தார். எரிந்து மீண்ட நூலகத்தில், வீட்டு மூலைகளிற் கிடந்த அப்பொருள்களே நூல்களாயின. கொழும்பில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசெம்பரிற் தொடங்கிய முதற் கண்காட்சிக்கு வைத்த பெயர், அளவெட்டிக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து பெற்றது. எம் சொற்களும் எம் ஓவியங்களும் பெருநகர மண்டபங்களில் மதிப்புப் பெறுகின்றன. எம் வீதிகளில் அவற்றுக்கு இடம் எங்கே என்பதே கேள்வி.

இவ்விடத்தில் ஓவியர் மாற்குவை நினையாமல் அப்பாற் செல்லல் இயலாது. குருநகரில் 1933இற் பிறந்த அவர் ஆசிரியராயிருந்து, தம்மைச் சூழ்ந்த இளைஞருக்கு நவீன ஓவியத்தின் கண்ணைத் திறந்தவர். 1995இன் பேரிடப்பெயர்வு அவரையும் ஊரைவிட்டுத் துரத்தியது. வாழ்நாள் உழைப்பிற் பெரும்பகுதியை இழந்த அவர் 2000இற் காலமானார். அவரைப் பற்றி 1987இல் வெளிவந்த "தேடலும் படைப்புலகும்" என்னும் மலர் இல்லையேல், அவரது படைப்புலகை அறிய விழையும் இன்றைய மாணவன் எங்கே போவான்? ஓவியம் அழியலாம், அதன் பதிவு எஞ்சினால் அடுத்த தலைமுறைக்கு ஒரு தொடக்கம் உண்டு. காகிதத்தில் வரைந்ததற்கே இக்கதி நேர்ந்ததெனில், மாரி மழைக்கும் உப்பேறிய காற்றுக்கும் முகங்கொடுத்து நிற்கும் மதிலோவியத்தின் ஆயுள் சில ஆண்டுகளே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அழகுபடுத்தல் என்ற சொல்லை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்குகின்றோம். சென்னை கண்ணகி நகர், நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம். 2020இல் அங்குள்ள மாடிக் குடியிருப்புகளின் பெருஞ்சுவர்களில் இந்திய ஓவியரும் பிறநாட்டு ஓவியரும் வண்ண முகங்களை எழுதினர். அம்மக்களின் முகங்களே உயர்ந்து நின்றமை பெருமைதான். குற்றத்தின் பெயரால் மட்டுமே அறியப்பட்ட ஊருக்குப் புறத்தார் காண வந்தமையும் நன்மைதான். ஆயினும் சுவரின் முன்புறம் வண்ணமும் பின்புறம் கழிவுநீரும் இருக்குமாயின், கலை திரைச்சீலையாகிவிடும். கொழும்புக் கொம்பனித்தெருவில் ஃபிரி ரஹ்மானும் தோழரும் வேறு வழி சென்றனர். கட்டட நிறுவனங்கள் விழுங்கிவரும் அப்பகுதியில் இன்னும் வாழ்வோரின் உருவங்களையே அவர்கள் ஒழுங்கை மதில்களில் வரைந்தனர். "நாங்கள் இந்த ஊரவர்" என்பது அம்முயற்சியின் பெயரின் பொருள். அது அலங்காரமன்று, சாட்சியம்.

எமக்கும் சாட்சியமே வேண்டும். பொதுவெளியில் நிற்கும் உருவம் எத்துணை ஆழமாக மனத்தைத் தொடும் என்பதை 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவு நாம் அறிந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி அன்று இடிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. கல்லுக்காக அழவில்லை, கல் தாங்கிய நினைவுக்காகவே அழுதனர். மதிலில் எதை வரைவது, எதை அழிப்பது என்பதும் அத்தகைய வினாவே. அதனை ஓர் அலுவலகத்தின் கட்டளைக்கோ, ஓர் அமைப்பின் விருப்பத்துக்கோ விட்டுவிடுதல் தகாது.

செய்யத்தக்கன சில உள. பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயிலும் மாணவர் எம்மிடையே இருக்கின்றனர். மாநகரசபையும் பிரதேசசபைகளும் தம் மதில்களிற் சிலவற்றையேனும் ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒப்படைக்க வேண்டும். பொருளைக் கட்டளையிடாது, அவ்வீதியில் வாழ்வோருடன் இருந்து பேசி வரையுமாறு கேட்க வேண்டும். தனியார் மதிலாயின் உரிமையாளரின் இசைவு எழுத்திற் பெறப்படல் வேண்டும். இசைந்தபின் ஓவியனுக்கு அறிவியாது வெள்ளையடித்தலும் கூடாது. கடலோரச் சேரியில் கடலோடியின் முகம் வரட்டும். தோட்டப் பகுதியில் இறைப்புக் கிணறு வரட்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாயும் வரட்டும். பிறநாட்டு ஓவியர் வந்தால் வரவேற்போம். அவர் எமக்காகப் பேசாது எம்மோடு பேசுவாராக. வரைந்தவை அனைத்தும் படமெடுக்கப்பட்டு, வரைந்தவர் பெயரும் நாளும் இடமும் குறிக்கப்பட்டு நூலகத்திற் சேமிக்கப்படல் வேண்டும். 2013இல் யாழ்ப்பாணத்திற் சமகாலக் கலைக்கென ஓர் ஆவணக்காப்பகம் தொடங்கப்பெற்றமை இவ்வழியில் நல்ல முன்மாதிரி.

செலவு பெரிதன்று. ஒரு தேர்தலுக்கு ஒட்டப்படும் தாள்களின் விலையிற் சிறுபங்கு போதும். வேண்டுவது மனமே. வேலி நின்ற நாளிற் பொட்டுக்கூடாகவேனும் அயலவர் முகம் பார்த்துப் பேசினர். மதில் எழுந்தபின் அப்பேச்சும் குறைந்தது. அம்மதிலின் வெளிப்புறத்தையேனும் ஊருக்குப் பொதுவாக்கினால், இழந்த பேச்சிற் சிறிதளவு மீளும். வீட்டுக்காரரும், சபையாரும், எம் இளம் ஓவியரும் இதனைச் சிந்திப்பார்களாக.