கல்லுப் புத்தரும் கோப்பை கழுவும் நாங்களும்

நாங்கள் வேலை செய்யும் உணவகத்தில், காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு புத்தர் தலை இருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி வைத்திருக்கிறார்கள். முதலாளிக்குப் புத்தரைப் பற்றித் தெரிந்தது, அந்தத் தலை அங்கே இருந்தால் சாப்பிட வருகிறவர்களுக்கு மனம் ஆறும் என்பது மட்டுந்தான். பின்னால் குசினியில் நாங்கள் 12 மணித்தியாலம் கோப்பை கழுவுகிறோம். சம்பளத் துண்டில் 7 மணித்தியாலம் எழுதப்படுகிறது.

வெள்ளைக்காரரின் தியான வகுப்புகளைப் பகிடி பண்ணுவது எங்களுக்குச் சுலபம். 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாட்-சின் நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவை இன்று கம்பனி மேலாளர்களுக்கும் விற்கப்படுகின்றன. எட்டு அங்க மார்க்கத்தில் ஏழாவதாக வரும் விழிப்புணர்வை உருவி எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் நிற்கும் நற்பேச்சு, நற்செய்கை, நற்பிழைப்பு மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் முதலாளிக்கு இது நல்ல வசதி. ஆனால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல. எங்களைப் பற்றியது.

'புத்தர்' என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உடம்பு கூசும். காரணம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை இன்றும் அதைத்தான் சொல்கிறது. இராணுவம் வந்து குந்திய இடங்களில் வெள்ளரசு மரமும் சிலையும் கூடவே வந்தன. காவி உடுத்தவர்கள் போருக்கு ஆசி வழங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இதை மறக்கச் சொல்லி எவரும் எங்களுக்குப் போதிக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கோபம் எங்களுக்கு இன்னொரு வேலையும் செய்து தருகிறது. சீலம், ஒழுக்கம் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால், 'அதை அவங்கட பன்சலயில போய்ச் சொல்லு' என்று வாயை அடைத்துவிடுகிறோம். எங்கள் முகத்தை நாங்கள் பார்க்க வேண்டிய கண்ணாடியை, எதிரி வீட்டுக் கண்ணாடி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம்.

எதிரி வீட்டுக் கண்ணாடி என்பதும் பொய். மணிமேகலை தமிழில்தான் எழுதப்பட்டது. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தவன் சைவனான இராசராச சோழன். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கித் தமிழ்ப் பௌத்தம் பேசினார். நாங்களும் பிள்ளைகளுக்குக் குணசீலன், ஞானசீலன் என்று பேர் வைக்கிறோம். பேரில் இருக்கும் சீலம் எங்களிடம் இருக்கிறதா?

எங்கள் குசினியில் ஒரு சிங்களவரும் வேலை செய்தார். போயா நாட்களில் சில் எடுப்பார். மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட மாட்டார். இரவு வேலை முடியும்வரை இறைச்சி பொரிக்கும் மணத்துக்குள் நின்று வெறுந்தேநீர் குடிப்பார். நாங்கள் மேசைகளில் மிஞ்சி வந்த வைனை ஊற்றிக்கொண்டு அவரைச் சீண்டுவோம்.

அப்போது புதிதாக ஒரு பொடியன் வந்து சேர்ந்தான். வதிவிட அனுமதி இல்லை. அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் எங்களில் ஒருவர். அதற்குக் கூலியாக அவனுடைய முதல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார். முதல் நாளே நாங்கள் கேட்டோம்: 'தம்பி, ஊரில எந்தப் பக்கம்?' என்னத்தை அறியக் கேட்டோம் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

ஒரு சனிக்கிழமை இரவு, கண்ணாடிக் கிளாசுகள் அடுக்கிய தட்டு அவனுடைய கையிலிருந்து விழுந்து நொறுங்கியது. சம்பளத்தில் கழிப்பேன் என்றார் முதலாளி. தட்டின் பிடி ஒரு கிழமையாக உடைந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிங்களவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'பிடி முன்னமே உடைந்திருந்தது. நாங்கள்தான் சொல்லாமல் விட்டோம்' என்றார். அடுத்த கிழமையிலிருந்து அவருக்கு வேலைநாட்கள் குறைந்தன.

அவரை மகானாக்க இதை எழுதவில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை அவர் 'சமாதானம் வந்தது' என்றுதான் சொல்வார். குசினியில் பொய் சொல்லாத வாய் அந்த இடத்தில் பொய்த்துப் போனது. எங்களுக்கோ நேர்மாறு. முள்ளிவாய்க்காலைப் பற்றி உலகத்துக்கு உண்மை சொல்லத் துடிக்கிற எங்களுக்கு, ஒரு தட்டின் பிடியைப் பற்றி உண்மை சொல்ல ஏன் நா எழவில்லை?

பஞ்சசீலத்தைக் கட்டளைகள் என்றே நினைத்திருந்தோம். பாளியில் அதற்குச் 'சிக்காபதம்' என்று பேர். பயிற்சிப் படி என்று பொருள். மேலிருந்து எவரும் இடுவதில்லை. ஆள் தானாக ஏற்றுக்கொள்வது. இரண்டாவது படியைக் களவெடாமை என்று சுருக்குகிறோம். மூலச் சொல்லின் பொருள் இன்னும் கூரானது: கொடுக்கப்படாததை எடுக்காமை. இந்தக் கோலை முதலாளியிடம் வைத்தால் சம்பளத் துண்டில் காணாமல் போன 5 மணித்தியாலம் அகப்படும். எங்களிடம் வைத்தால் பொடியனின் முதல் மாதச் சம்பளம் அகப்படும். சுருட்டிக்கொண்டு போன சீட்டுக்காசு அகப்படும். நற்பிழைப்பு என்பது இறைச்சி வியாபாரத்தையும் மது வியாபாரத்தையும் விலக்கச் சொல்கிறது. நாங்கள் அந்த இரண்டும் விற்கும் கடையில் உழைத்துத்தான் வாடகை கட்டுகிறோம். முழுச் சுத்தம் எங்களுக்கு வாய்க்காது. அதற்காகக் கோப்பையைக் கழுவாமல் விடுகிறோமா?

சாக்கிய இளவரசர்கள் துறவு கொள்ள வந்தபோது, தங்கள் நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கச் சொன்னார்கள் என்கிறது விநயபிடகம். பின்னால் சேர்ந்தவர் முன்னால் சேர்ந்தவரை வணங்க வேண்டும். அப்படித் தங்கள் குலச்செருக்கு அடங்கட்டும் என்று கேட்டார்கள். அதே சங்கத்தின் பேரால் 1753இல் இலங்கையில் தோன்றிய சியம் நிகாயமோ கொவிகம சாதிக்குள் அடைபட்டது. மற்றச் சாதியினர் பர்மாவுக்குக் கப்பலேறி 1803இல் அமரபுர நிகாயத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதைக் கேட்டால் நாங்கள் கைதட்டுவோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றவர்கள் சிங்களவரா? இன்று ஐரோப்பாவில் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் குணத்துக்கு முன்னால் சாதியை விசாரிப்பவர்கள் பிக்குகளா?

எவரையும் பௌத்தராக மாறச் சொல்லவில்லை. அரச பௌத்தத்தை எதிர்ப்பது எங்கள் உரிமை, எதிர்ப்போம். அந்த எதிர்ப்பைக் காட்டி எங்கள் ஒழுக்கத்துக்கு லீவு கேட்க முடியாது என்பதுதான் எங்கள் வாதம்.

பொடியன் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறான். அந்த முதல் மாதச் சம்பளம் இன்னும் அவனுக்குத் திரும்பவில்லை. அதை வாங்கியவர் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர். நாங்களும் தினமும் அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் கோப்பை கழுவுகிறோம். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தக் கிழமை கேட்கப் போகிறோம்.