மலையேறட்டும், தனியே வேண்டாம்

புதுவையின் முத்தியால்பேட்டை கடலை ஒட்டிய ஊர். மணிக்கூண்டுப் பக்கம் எவ்வளவு நடந்தாலும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. இந்தச் சமதரையில் பழகிய கால்களோடுதான் நம்மவர்கள் பௌர்ணமிக்குப் பர்வதமலைக்கும், சீசனில் வெள்ளியங்கிரிக்கும் கிளம்புகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் அடைப்பு என்று மருத்துவர் சொன்ன பிறகு, “கைகால் நன்றாக இருக்கும்போதே போய்வந்துவிடலாம்” என வீட்டில்கூடச் சொல்லாமல் புறப்படுகிறவர்களும் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. தனியே போவதுதான் தவறு.

கோவை பூண்டி அடிவாரத்திலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் கடக்க, ஒரு வழிக்கே ஏறத்தாழ 6 கி.மீ. ஏற வேண்டும். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தும், 2024 சீசனில் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். மயங்கி விழுந்தவரை டோலி கட்டித் தோளில்தான் இறக்க வேண்டும். பர்வதமலையிலோ, பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பற்றி ஏறும் இடமே உண்டு. அங்கே தலை சுற்றினால் என்ன ஆகும்?

இன்சுலின் போடுகிறவருக்கு ஏற்றத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் மலையேறும் களைப்பைப் போலவே இருக்கும். பிறகு புத்தி குழம்பும். தனக்கு என்ன நேர்கிறது என்று அவருக்கே தெரியாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருந்தும் எடுத்துப் போடத் தோன்றாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அந்த ஒரு பொட்டலத்தில் உயிர் மீளும்.

“என் உயிர், என் விருப்பம்” என்பார்கள். விழுந்தவரைத் தூக்க இருட்டில் ஏறுகிறவர்களுக்கும் உயிர் ஒன்றுதான். புற்றுநோயிலிருந்து இருமுறை மீண்ட அமெரிக்கர் ஷான் ஸ்வார்னர் 2002-இல் எவரெஸ்ட் ஏறியது ஷெர்பாக்களின் துணையோடு. ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட ஆந்திர வீரர் மல்லி மஸ்தான் பாபு 2015-இல் ஆண்டிஸ் மலையில் தனியே ஏறியபோது இறந்தார். தேர்ந்த வீரருக்கே தனிமை இவ்வளவு ஆபத்து என்றால், மாத்திரைப் பையோடு போகிறவர் யோசிக்க வேண்டாமா?

தடை போடுவது தீர்வாகாது. தடை போட்டால் நோயை மறைத்துக்கொண்டு ஏறுவார்கள். அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்று கட்டாயம். அதுபோல வெள்ளியங்கிரி, பர்வதமலை அடிவாரங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, துணைக்கு வருபவரின் பெயரோடு பதிவு செய்யும் முறையைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டும். சீசனுக்கு முன் மலையேறுவோருக்கான பரிசோதனையைப் புதுவை சுகாதாரத் துறை தன் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடத்தலாம். மருத்துவர்களும் “போகாதீர்கள்” என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எவ்வளவு தூரம் ஏறலாம், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், எந்த அறிகுறி கண்டால் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பட்டும்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். திட்டினால் சொல்லாமல் போவார்கள். திட்டுவதை விட்டு, உங்களில் ஒருவர் கூடக் கிளம்புங்கள்.